அந்தப் பெயரில் யாரும் இல்லை

சில வருடங்களுக்கு முன், கச்சான் காற்று வீசி ஊரே காய்ந்து கிடந்த காலத்தில், திருகோணமலை உட்துறைமுக வீதியில் உள்ள ஒரு தனியார் மருத்துவ நிலையத்தில் இது தொடங்கியது. எனக்கு நோய் ஒன்றும் இல்லை. நான் கணினிக்குப் புரோகிராம் எழுதிப் பிழைக்கிறவன். கொழும்பிலிருந்து வைத்தியர்கள் வந்து பார்க்கும் நாட்களில் யாருக்கு எத்தனையாம் நம்பர் என்று பதிவதற்கு அங்கே ஒரு பழைய புரோகிராம் இருந்தது. அதை ஓட்டிய கணினி அதைவிடப் பழசு. இரண்டையும் மாற்றித் தரச்சொல்லி என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். நானும் பெரிய கெட்டிக்காரன் மாதிரி வீட்டிலேயே இருந்து எழுதி முடித்துவிட்டு, பொருத்துவதற்காக ஒரு காலையில் போனேன்.

அப்போதுதான் தொலைபேசியில் நம்பர் கொடுக்கும் அக்காவைக் கண்டேன். அவவுக்குக் கண் தெரியாது. இதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. அங்கே வேலை செய்கிறவர்களுக்கு அது சொல்ல வேண்டிய விசயமாகவே தெரியவில்லையாம். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவ இருப்பா. பழைய கணினி திரையில் உள்ளதையெல்லாம் தமிழில் வாசித்துச் சொல்லும். அவ விரல்களால் தட்டிக்கொண்டே மற்றக் காதில் ரிசீவரை வைத்து, "ஓம் ஐயா, வியாழன் பின்னேரம், இதய டொக்டர், பதினோராம் நம்பர்" என்று சொல்லிவிடுவா. அந்த ஹெட்போனை வாங்கி நான் ஒருதரம் கேட்டுப் பார்த்தேன். தகரக் கூரையில் மழை பெய்கிற மாதிரி இருந்தது. ஒரு சொல் பிடிபடவில்லை. அந்த வேகத்தில்தான் அவ வருடக்கணக்காக வேலை செய்கிறா.

என்னை உலுக்கியது வேறொன்று. அவ எனக்குக் காட்டுவதற்காக ஹெட்போன் வயரைக் கழற்றிவிட்டுப் பழைய கணினியை அணைத்துத் திரும்பப் போட்டபோது, அதற்குள்ளிருந்து ஒரு ஆண் குரல் சொன்னது: "காலமை வணக்கம் ராத்தா. இண்டைக்கும் வேலையப் பாப்பம்."

அது இயந்திரக் குரல் இல்லை. ஆள் ஒருவர் பேசிப் பதிந்தது. அந்த ஆளை எனக்குத் தெரியும்.

நானும் அவனும் பட்டினத்தில் ஒரே கணினி வகுப்பில் படித்தவர்கள். அவன் கிண்ணியாவிலிருந்து வருவான், அக்காவை ராத்தா என்றும் அண்ணாவை நானா என்றும் கூப்பிடுகிற ஊர். அப்போது பாலம் இல்லை. ஃபெரியில்தான் வர வேண்டும். வகுப்பில் இரண்டு பேருக்கு ஒரு கணினி. கீபோர்ட் எனக்கு, மவுஸ் அவனுக்கு. ஃபெரி பிந்தினால் எனக்கு மவுஸும் இல்லை, மச்சானும் இல்லை. கையைக் கட்டிக்கொண்டு இருப்பேன். வந்தவுடன் அவன் உம்மா கட்டிக் கொடுத்த பார்சலை மேசைக்குக் கீழே பிரிப்பான். புரோகிராம் ஓடினால் இரண்டு பேரும் மேசையில் தட்டிச் சத்தம் போட்டு ஏச்சு வாங்குவோம். அந்த நாட்களைப் போல ஒரு சந்தோஷம் எனக்குப் பிறகு எந்த வேலையிலும் கிடைக்கவில்லை. பிறகு நான் கொழும்புக்கு வேலைக்குப் போனேன், அவன் ஊரில் நின்றான். நான் ஊர் திரும்புவதற்குள் பாலமும் வந்துவிட்டது. ஃபெரி ஓடிய காலத்தில் தினமும் சந்தித்த நாங்கள், பாலம் வந்த பிறகு ஒருநாளும் சந்திக்கவில்லை.

"இந்த ஆளை உங்களுக்குத் தெரியுமோ அக்கா?" என்று கேட்டேன்.

"தெரியும் தம்பி. இதைப் பூட்ட வந்து கொஞ்ச நாள் எனக்குப் பழக்கித் தந்தவர். பிறகு வரேல்ல. உங்கட புதுசிலயும் இந்தக் குரல் வருமோ?"

குரல் என்று எதுவுமே என் புரோகிராமில் இல்லை என்று அவவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மனேச்சரிடம் சொன்னேன். அவர் கூடாத மனிதர் இல்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "தம்பி, பழைய பெட்டி எந்த நேரம் நிக்குமெண்டு தெரியாது. புதுசு இவவோட கதைக்காதெண்டா நான் வேற பிள்ளையத்தான் இருத்த வேணும். பாவம்தான், என்ன செய்யிறது?" என்றார். கதவு திறந்து கிடந்தது. அக்காவின் காதைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

நான் வெளியே வந்ததும் அவ மெல்லிய குரலில் சொன்னா: "தம்பி, எனக்கு வீட்டில இருக்க ஏலாது. வீட்டில என்னைக் கதிரையில இருத்திப்போட்டு எல்லாரும் என்னைப் பாப்பினம். இஞ்ச நான்தான் எல்லாரையும் பாக்கிறனான்."

நான் எழுதிய புரோகிராம்தான் அவவை வீட்டுக்கு அனுப்பப் போகிறது.

முதலில் சுலபமான வழியைப் பார்த்தேன். இப்போது இன்டர்நெட்டில் வடிவான தமிழ்க் குரல்கள் இருக்கின்றன. ஒன்றைப் பூட்டிக் காட்டினேன். அக்கா மரியாதையாகக் கேட்டா. "நல்ல குரல். டீவியில செய்தி வாசிக்கிற பிள்ளை மாதிரி. ஆனா வேகமாக்கினா குழறுது தம்பி." அவ சொல்லி முடிக்கவும் இன்டர்நெட் நின்றுவிட்டது, குரலும் பாதிச் சொல்லில் நின்றது. அத்தோடு அந்த வழி சரி.

மிஞ்சியது, பழைய கணினியில் திரையை வாசிக்கிற அந்த இயந்திரக் குரல்தான்; வணக்கம் மட்டுமே என் நண்பனுடையது. அதை வாசிக்க வைத்தது ஒரு வெளிநாட்டுக் கம்பனி எழுதிய லைப்ரரி. லைப்ரரி என்றால் புத்தகசாலை இல்லை. வேறு ஆட்கள் ஏற்கெனவே எழுதி, கணினிக்கு விளங்கும் பாஷைக்கு மாற்றி, பொதி செய்து தருகிற துண்டு. நாங்கள் அதை எங்கள் புரோகிராமோடு கொழுவிவிட வேண்டும். ("லைப்ரரிப் பிரச்சினையெண்டா நூலகத்தில கேட்டுப் பாக்கலாமே" என்றார் மனேச்சர். நான் பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினேன்.) பழைய கணினியில் என் நண்பன் அந்த லைப்ரரியையும் தன் வணக்கத்தையும் அப்படியே விட்டிருந்தான். எடுத்து வந்து என் புரோகிராமோடு கொழுவினேன். திரை நிறையப் பிழை வந்தது. எல்லாவற்றுக்கும் ஒரே அர்த்தம்: நீ கேட்கிற பெயரில் இங்கே ஒன்றும் இல்லை.

என்ன பிழை என்று அக்கா கேட்டதால், அதைப் பழைய கணினியில் போட்டு அந்தக் குரலையே வாசிக்க விட்டேன். "கேள்விக்குறி, பேசு, அட், அட், வை, ஏ" என்று அது படபடவென்று பொரிந்தது. அக்கா சிரித்துவிட்டா. "ஆரது தம்பி, பேசு அட்அட்? வெள்ளைக்காரனோ?"

காரணம் எனக்குத் தெரியாதது இல்லை. நாங்கள் எழுதுவதைக் கணினியின் பாஷைக்கு மாற்றுகிற கொம்பைலர் இருக்கிறதே, அது ஒவ்வொரு பெயருக்கும் வால் ஒன்று கட்டும். நான் 'பேசு' என்று எழுதினால் அது கேள்விக்குறியும் ஈமெயில் முகவரியில் வருகிற 'அட்' குறியும் போட்டு வேறொரு கோலத்தில் வைத்துக்கொள்ளும். ஒவ்வொரு கொம்பைலருக்கும் வால் கட்டுகிற வழக்கம் வேறு. அந்த லைப்ரரி மிகப் பழைய ஒரு கொம்பைலரில் செய்தது, என்னுடையது புதியது. செய்த கம்பனியும் மூடிவிட்டது. அந்தப் பழைய கொம்பைலர் கிடைத்தால் ஏதாவது செய்யலாம். இன்டர்நெட்டில் தேடி அலுத்துப்போனேன். அது யாரிடமாவது இருக்குமென்றால் ஒரே ஒருவனிடம்தான் இருக்க வேண்டும்.

அவனுடைய பழைய நம்பர் வேலை செய்யவில்லை. பஸ் ஏறினேன். சீனன்குடா தாண்டிப் பாலத்தில் பஸ் ஏறியபோது கண்டக்டர் மிச்சக் காசு எண்ணி முடிக்குமுன் அக்கரை வந்துவிட்டது. ஒருகாலம் ஃபெரிக்காக எவ்வளவு நேரம் கரையில் காய்ந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு இறங்கினேன்.

கிண்ணியாவில் சந்தியில் நின்ற ஓட்டோக்காரரிடம் அவனுடைய பெயரை, சேர்டிபிக்கட்டில் இருக்கிற மாதிரி முழுசாகச் சொல்லிக் கேட்டேன். உதட்டைப் பிதுக்கினார். பார்மசியில் கேட்டேன். "அப்பிடி ஒருத்தர் இஞ்ச இல்லியே. ஆர்ர மகன்?" வாப்பாவின் பெயர் எனக்கு மறந்துபோயிருந்தது. பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர், "என்ன தொழில்?" என்றார். கொம்பியூட்டர் புரோகிராம் எழுதுகிறவர் என்றேன். "அப்பிடி ஆளும் இல்ல, அந்தப் பேரும் இல்ல" என்று அடித்துச் சொன்னார். அவரைப் பார்க்க எனக்கு என் லப்டொப் ஞாபகம் வந்தது.

அவன் கட்டாருக்கோ எங்கேயோ போயிருப்பான் என்று முடிவு கட்டிவிட்டு, வெயில் தாங்காமல் ஒரு ஹோட்டலில் ஏறி பிளேன்டீ ஒன்று சொன்னேன். எதிரே ஒரு கடை. போன் கவர்கள் தொங்கின, வாசலில் மூன்று நான்கு ஃபேன்கள் பிரித்துக் கிடந்தன. அதைப் பார்த்துக்கொண்டே தேத்தண்ணியைக் குடித்தேன். ஹோட்டல்காரர் ஆரைத் தேடி வந்தீர்கள் என்று கேட்டார். எனக்கு எரிச்சல். பெயரைச் சொல்லிவிட்டு, ஒருகாலம் ஃபெரியில் வந்து என்னோடு பட்டினத்தில் படித்தவன், மெல்லிய ஆள், எப்பவும் வாய்க்குள் பாட்டு முணுமுணுப்பான் என்று எல்லாவற்றையும் கொட்டினேன்.

அவர் கல்லாவிலிருந்து எழும்பிவிட்டார். "அட, நம்மட சீடி நானா! பள்ளிக்கூடத்தில எனக்கு முன்வாங்கில இருந்தவன். இடாப்பு வாசிக்கக்குள்ள வாத்தியார் கூப்பிட்ட பேரு அது. அதுக்குப் பொறகு நீங்கதான் கூப்பிடுறீங்க. முந்திச் சீடிக்கடை வச்சிருந்தான், அப்ப வந்த பேரு. அந்தா, முன்னால!"

கையிலே வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை. ஃபேன் ஒன்றுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்த, தாடி நரைத்த, வயிறு வைத்த அந்த ஆள்தான் என் மச்சான்.

அவன் நிமிர்ந்து என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு ஸ்குரூட்றைவரைக் கீழே போட்டான். "கீபோர்ட்!" என்றான். அவ்வளவுதான், இரண்டு பேரும் நடுக்கடையில் கட்டிப்பிடித்துக்கொண்டோம். வாப்பாவுக்கு ஏலாமல் போனதிலிருந்து கடையைப் பார்க்க வேண்டி வந்ததாம். புரோகிராம் எழுதுவதை விட்டு எத்தனையோ காலம். "நான் அது படிச்சவன் எண்டே இஞ்ச ஒருத்தனுக்கும் தெரியாது மச்சான்" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பில் சந்தோஷம் இல்லை.

நான் வந்த விசயத்தைச் சொன்னதும் அந்த முகம் மாறியது. கடைக்குப் பின்னால் அலுமாரிக்குள்ளிருந்து ஒரு சீடிப் பை வந்தது. கொம்பைலர் இருந்தது. பழைய கணினி ஒன்றைப் போர்வை விலக்கி, தூசு ஊதி, இரண்டு தட்டுத் தட்டிக் கிளப்பினான். முதலில் என் புரோகிராம் முழுவதையும் அந்தப் பழைய கொம்பைலருக்குக் கொடுத்துப் பார்த்தோம். நான் எழுதியதில் பாதி அதற்கு விளங்கவே இல்லை. பிழைகள் நிற்காமல் ஓடிக்கொண்டே போயின. அவன் வீட்டிலிருந்து மீன்கறியும் சோறும் வந்தன. சாப்பிட்டுக்கொண்டே, நான் ஊரெல்லாம் அவனைத் தேடி அலைந்த கதையைச் சொன்னேன். புரையேறும் வரை சிரித்தான். சிரிப்பு திடீரென்று நின்றது.

"மச்சான், நான் இஞ்சதான் இருந்தனான். பேரும் அதேதான். ஆனா ஊர் எனக்கு வேற வால் கட்டி வச்சிரிக்கி. நீ ஒண்டச் சொல்லிக் கேட்ட, ஊருக்கு வேற ஒண்டு தெரியும். ஹோட்டல்காரனுக்கு மட்டும் ரெண்டும் தெரியும். அவன்தான் சேத்து வச்சான்."

"ஓம், அதுக்கு?"

"நமக்கும் ஒரு ஹோட்டல்காரன் வேணும்டா."

எங்கள் பக்கத்தில் யாரையும் வெறும் பெயரில் கூப்பிடுகிற வழக்கம் இல்லை. அண்ணா, நானா, அக்கா, ராத்தா என்று ஏதாவது ஒன்று ஒட்டாமல் பெயர் வாயில் வராது. கொம்பைலர்களும் அப்படித்தான். ஆனால் 'வால் கட்டாதே, வெறும் பெயரில் விடு' என்று அவற்றிடம் சொல்ல வழி இருக்கிறது. அன்று பின்னேரம் நாங்கள் எழுதியது ஒரு சின்னஞ்சிறு இடைத்தரகன். பழைய கொம்பைலரில் செய்ததால் அந்த லைப்ரரியை அதன் வால் பெயர்களிலேயே அவனுக்குத் தெரியும். என் புரோகிராமோ அவனை வெறும் பெயரில் கூப்பிடும். எழுத்துகளையும் இலக்கங்களையும் தவிர வேறெதுவும் அவன் வழியாகப் போகாது. கடைக்கு வந்தவர்கள் "நானா, நானா" என்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். நானாவுக்குக் காது கேட்கவில்லை. நான் கீபோர்டில், அவன் மவுஸில். கொழுவிப் பார்த்தோம். ஒரு பிழையும் வரவில்லை, குரல் வாசித்தது. இரண்டு பேரும் மேசையில் தட்டிய தட்டில் ஃபேன் ஒன்று கீழே விழுந்தது.

அடுத்த நாள் பொருத்த அவனையும் வரச்சொல்லிக் கூப்பிட்டேன். "நீயே கொண்டுபோய்ப் போடு மச்சான். அந்த ராத்தாவுக்கு என்னைய ஞாபகமிரிக்கப் போவுதா? எப்பவோ கொஞ்ச நாள் போன ஆள்" என்றான். ஏதாவது பிழைத்தால் எனக்குத் தனியாகச் செய்ய ஏலாது என்று கெஞ்சித்தான் இழுத்து வந்தேன்.

மருத்துவ நிலையத்தில் அக்காவின் மேசைக்குப் பக்கத்தில் ஒரு புதுப்பிள்ளை வேலை பழக இருத்தப்பட்டிருந்தா. மனேச்சர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அக்கா ஹெட்போனை மாட்டி, இரண்டு கையையும் மேசையில் வைத்து, அசையாமல் இருந்தா. புதுப்பிள்ளை பாவம், எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தா. என் மச்சான் உள்ளே வராமல், ஒரு சொல்லும் பேசாமல், கதவடியில் ஒதுங்கி நின்றான்.

நான் புரோகிராமைத் தட்டிவிட்டேன். திரையில் எல்லாம் வந்தது. அக்காவின் முகத்தில் ஒன்றும் வரவில்லை.

"கேக்குதோ அக்கா?"

"இல்லைத் தம்பி."

திரும்பத் தட்டினேன். "இல்லை" என்றா, இன்னும் மெதுவாக. முதல்நாள் கடையில் கேட்ட குரல் எங்கே போய்த் தொலைந்தது? மனேச்சர் தொண்டையைச் செருமினார். புதுப்பிள்ளை கதிரையைக் கொஞ்சம் முன்னுக்கு இழுத்தா.

கதவடியிலிருந்து பொறுக்கமாட்டாமல் ஒரு சத்தம் வந்தது. "டேய், ஹெட்போன் வயரைப் பார்! கீழ தொங்குது!"

பழைய கணினியிலிருந்து கழற்றிய வயர், ஸ்பீக்கர் இல்லாத புதியதில் குத்தப்படாமல் மேசைக்குக் கீழே ஆடிக்கொண்டிருந்தது. நான் குனிந்து அதைப் பிடிக்கவும், அக்கா ஹெட்போனை ஒரு காதிலிருந்து நகர்த்திக் கதவுப் பக்கம் முகத்தைத் திருப்பினா. அந்த முகம் முழுக்கச் சிரிப்பு.

"காலமை ஆள் வந்திட்டார்!" என்றா.

அவன் திகைத்துப்போய் நின்றான். "ராத்தா, என்னத் தெரியுதா?"

"தெரியாமல்? ஒவ்வொரு நாளும் என்னோட முதல் கதைக்கிற ஆள் நீங்கள்தானே. வீட்டில ஆக்கள் முகம் கழுவ முதல் சண்டை பிடிப்பினம். இஞ்ச வந்து பெட்டியைப் போட்டா நீங்கள் வணக்கம் சொல்லுவியள். குரல் கொஞ்சம் கனத்துப்போச்சு தம்பி. தடிமனோ, வயசோ?"

"ரெண்டும்தான் ராத்தா" என்றான். சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். ஊரில் ஒருத்தனுக்கும் தெரியாது என்று முதல்நாள் சிரித்தவன். வருடக்கணக்காக ஒரு மனுசி அவனுடைய குரலைக் கேட்டுத்தான் தன்னுடைய நாளைத் தொடங்கியிருக்கிறா. எனக்கும் கண் கலங்கியது. வயர் தேடுகிற சாட்டில் மேசைக்குக் கீழேயே கொஞ்ச நேரம் இருந்தேன்.

வயரைக் குத்தினேன். ஹெட்போனுக்குள் மழை கொட்டியது. அக்காவின் விரல்கள் ஓடத் தொடங்கின. போன் அடித்தது. யாரோ அவவை மகள் என்றார்கள் போல. "ஓம் அப்பா, சொல்லுங்கோ" என்றா. அடுத்தவருக்கு மிஸ், அதற்கடுத்தவருக்கு ராத்தா. எல்லாவற்றுக்கும் "ஓம்" சொல்லி நம்பர் கொடுத்தா. மனேச்சர் புதுப்பிள்ளையை ரிசீட் எழுதுகிற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

புதிய வணக்கம் ஒன்று பதிந்து தரட்டுமா என்று அவன் கேட்டான். அக்கா வேண்டாம் என்றா. "அந்த இளம் ஆள் அப்பிடியே இருக்கட்டும். நீங்கள் இடைக்கிடை வாங்கோ." அவனும் வருகிறான். வந்தால் என் வீட்டில்தான் சாப்பாடு.

இப்போதும் வேலையில், அந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை என்று கணினி சொல்லும்போதெல்லாம் நான் முன்போல ஏசுவதில்லை. எதிர்க் கடையில் ஃபேனுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்த என் மச்சானை நினைத்துக்கொண்டு, இன்னொரு பெயரில் கூப்பிட்டுப் பார்க்கிறேன்.